தாய்வழி மரபு இல்லம்

வினாயகமூர்த்தி மேசன் கண்ணாமுனையில் இருபத்தேழு வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். இருபத்தெட்டாவது வீடு அவருடைய மகளுக்கு. மற்ற வீடுகள் மூன்று நாலு மாதத்தில் முடிந்தன. இதற்குப் பதினொரு வருடம் சென்றது. கல் வாங்கினால் சீமெந்து இருக்காது. சீமெந்து வாங்கினால் மாரி பிறந்துவிடும். மாரி விட்டால் யாராவது ஒருத்தர் வந்து, "மேசனார், எங்கட ஊட்டு வேலையை முடிச்சுப்போட்டு உங்கடயைப் பாருங்களன்" என்பார். அவரும் போய்விடுவார். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

மட்டக்களப்பில் பெண் பிள்ளையைப் பெற்றவன் வீடு கட்டாமல் சாக ஏலாது. இங்கே கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டி படுக்கையோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் எழுதப்படும். பெற்றவர்கள் வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவன் வந்தால், அவனுக்கு என்ன நோய் வருத்தமோ என்று ஊர் விசாரிக்கும்.

மகள் பிரஷாந்திக்கு இருபத்தாறு வயது. தையல் வேலை. கரடியனாற்றிலிருந்து ஒரு பொடியன் சரிவந்திருந்தான். பெயர் யுகேந்திரன், கரண்ட் வேலை செய்கிறவன். சாதகம் பொருந்தி, பெண்ணும் பொடியனும் போனில் கதைத்துப் பிடித்தும் போயிருந்தது. "ஊட்டு வேலை முடியட்டும். வந்து பார்த்து நாள் வைப்பம்" என்று பொடியனின் தாய்மாமன் குழந்தைவடிவேல் சொல்லியிருந்தார். சுவர் பூசி, ஓடு போட்டாயிற்று. மிச்சம் கதவு, யன்னல், கக்கூசு. அந்த மிச்சத்தில்தான் சுற்றுலா வந்து புகுந்தது.

சித்திரை வருசம் கழிந்த கையோடு, கண்ணாமுனை சமூகம்சார் சுற்றுலா மேம்பாட்டுச் சங்கம் கூட்டம் கூட்டியது. தலைவர் சிவகுணம், இளைப்பாறிய சங்கக்கடை முகாமையாளர். இந்த ஊரில் இதுவரை எந்தச் சங்கம் தொடங்கினாலும் அவரே தலைவர். அவரைவிட்டால் வெள்ளை நீட்டுக்கைச் சேட்டு ஒன்றை ஸ்திரி பண்ணிப் போட்டுக்கொண்டு வருகிற ஆள் ஊரில் இல்லை.

"நாங்கள் இங்கே எதையும் மாற்றுவதற்கு வரவில்லை" என்று அவர் ஒலிவாங்கியில் சொன்னார். "உள்ளதை உள்ளபடி காப்பாற்றவே வந்திருக்கிறோம். அதற்காக எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதை நிபுணர்கள் வந்து சொல்வார்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். வினாயகமூர்த்தியும் தட்டினார்.

திட்ட இணைப்பாளர் மதுஷன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளம்பிள்ளை, வீடு வீடாகப் படிவம் நிரப்பிக்கொண்டு வந்தான். சும்மா கிடக்கிற வீட்டைக் கல்யாணம் வரைக்கும் விருந்தினர் தங்கக் கொடுத்தால், கதவும் யன்னலும் கக்கூசும் திட்டமே போட்டுத் தரும் என்றான். மேசன் யோசித்தார். மனைவி கண்ணகையைப் பார்த்தார். கண்ணகை மகளைப் பார்த்தாள். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இந்த வீட்டின் பண்பாட்டு முக்கியத்துவம் என்ன ஐயா?" என்று மதுஷன் படிவத்தைப் பார்த்துக் கேட்டான்.

"அப்பிடியெண்டா?"

"அதாவது, இந்த வீட்டில என்ன விசேசம்?"

"விசேசம் என்ன தம்பி. இது என்ட மகள்ட சீதன ஊடு."

மதுஷனின் பேனை நின்றது. "உங்கட பக்கம் வீடு மகளுக்கா போறது? மகனுக்கு இல்லையா?"

"மகனுக்கு என்னத்துக்கு? அவன் போற இடத்தில அவனுக்கு ஊடு இரிக்கும்தானே."

மதுஷன் அந்த இடத்திலேயே நின்று யாருக்கோ போன் எடுத்தான். நல்ல பிள்ளை, சந்தோசத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மேசன் தன் வாழ்நாளில் செய்த பெரிய பிழை, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது இரண்டாவது. அது தமிழில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தமிழை அவர் அதற்கு முன் எங்கும் சந்தித்ததில்லை.

மூன்றாம் நாள் வாசலில் பலகை நட்டார்கள்: தாய்வழி மரபு இல்லம்.

வைகாசியில், வீடு அசல் மரபுதானா என்று பார்க்க, நம்பகத்தன்மைக் குழு வந்தது. மூன்று பேர், ஏசி வானில். இறங்கியதும் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்தார். நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு எழுப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து மட்டப்பலகையால் இழைத்த சுவர். கன்னத்தை வைத்துப் படுக்கலாம். வினாயகமூர்த்தி பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"சீமெந்து உங்கட பண்பாடு இல்லையே ஐயா" என்றார் நிபுணர்.

"நான் முப்பத்தெட்டு வருசமா மேசன் வேலை செய்யிறன், சேர்."

"அதுதான் கவலையான விசயம்" என்றார் அவர், உண்மையாகவே கவலையோடு.

தீர்மானம் நிறைவேறியது. சுவருக்குக் களிமண் பூச வேண்டும். ஓட்டுக்கு மேல் கிடுகு வேய வேண்டும். ஊரில் களிமண் பூசத் தெரிந்த மேசன் ஒரே ஆள்தான் என்பதால் அந்த வேலையும் வினாயகமூர்த்திக்கே கிடைத்தது. உள்ளூர் மக்களுக்கே வேலைவாய்ப்பு என்பது திட்டத்தின் முதல் குறிக்கோள் அல்லவா.

ஆனால் இழைத்த சீமெந்தில் களிமண் ஒட்டாது. பூசப்பூசக் கழன்று விழுந்தது. ஒட்ட வேண்டுமென்றால் சுவரைக் கொத்த வேண்டும். மேசன் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தன் சுவருக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது முழுக்கக் குந்தியிருந்தார். பிறகு கொத்தத் தொடங்கினார். நாலு நாள் கொத்தினார். கண்ணகை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டாள்.

ஓடு விற்ற ஏறாவூர் சரீப் அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் வந்தவர், நிறுத்திக் கூரையைப் பார்த்தார்.

"மேசன் மச்சான், என்ட கடையில ஓடு வாங்கி அதுக்கு மேல ஓலை போட்ட மொத ஆள் நீங்கதான். என்ன, ஓட்டுக்கு வெயில் படக்கூடாதெண்டு நேர்த்திக்கடனா?"

"திட்டம் சொல்லுது சரீப்."

"திட்டம் நாளைக்கு உங்களை மரத்தில ஏறி இரிக்கச் சொல்லும். பழைய ஆக்கள் அங்கதான் இரிந்த."

"பகிடி விடாதகா."

சரீப் பகிடியை விட்டுவிட்டு, கொத்திய சுவரைக் கையால் ஒருக்கால் தடவினார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனியில் விருந்தினர் வரத் தொடங்கினார்கள். பாசிக்குடா ஹோட்டல்களில் கடலைப் பார்த்து அலுத்தவர்கள், ஒரு நாள் மனிதரைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், யன்னலைத் திறந்தால் வாவி தெரியவில்லை, மரந்தான் தெரிகிறது என்று கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கரை நெடுக நின்றது கண்ணா மரம். சேற்றுக்குள் நூறு கால் ஊன்றி நிற்கிற மரம். ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அந்த வேர்களுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்துகொண்டு, கையால் துழாவி இறால் பிடிப்பது கண்ணகையின் தொழில். பிடித்த இறாலைப் போட இடுப்பில் ஓலை உமல் கட்டியிருக்கும். விரலுக்கு இறால் எங்கே பதுங்கும் என்று தெரியும்.

ஒரே நாளில் இயந்திர வாளால் அறுத்துத் தள்ளினார்கள். வாவி நன்றாகத் தெரிந்தது. இரண்டு மாதத்தில் இறால் ஒன்றுமில்லை. கண்ணகை விடியத் தண்ணீரில் இறங்கி, வெயில் ஏற வெறும் உமலோடு வந்தாள்.

"நிழலும் வேரும் இல்லாத இடத்தில இறால் என்னத்துக்கு வரும்? அதுக்கென்ன வாவி பார்க்கவா ஆசை?" என்றாள்.

சங்கம் இதையும் கவனத்தில் எடுத்தது. ஏனென்றால் விருந்தினருக்கான நிகழ்ச்சிப் பட்டியலில் நாலாவது அம்சம், 'இறால் தடவும் அனுபவம்.' பண்ணையில் உயிரோடு இறால் வாங்கி, கரையில் வலை அடைத்து, உள்ளே விட்டார்கள். விருந்தினர் இறங்கித் துழாவினார்கள். கைநிறைய அகப்பட்டது. இந்த மக்கள் இயற்கையோடு எவ்வளவு இசைந்து வாழ்கிறார்கள் என்று வியந்தார்கள். கண்ணகை நடுவில் நின்று சிரிக்க வேண்டும். பிடித்ததைத் திரும்ப வலைக்குள் விட வேண்டும். அடுத்த வாகனத்துக்கும் அதே இறால்தான்.

பிறகு கண்ணா நடுகை விழாவும் நடந்தது. வேறெங்கோ இருந்து லொறியில் வந்த கன்றுகளுக்கு, நட்டவரின் பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தது. தலைவர் பேசினார்: "மரங்களின் அருமை, மரங்கள் இருந்தபோது எங்களுக்குத் தெரியவில்லை. திட்டம் வந்த பிறகுதான் தெரிந்தது." ஒரு கிழமையில் அலை கன்றுகளைக் கொண்டுபோய்விட்டது. அட்டைகள் கொஞ்ச நாள் கரையில் ஒதுங்கிக் கிடந்தன.

எல்லாவற்றிலும் பெரிய அம்சம் சனிக்கிழமையில் இருந்தது. 'திறப்புக் கையளிப்பு.' தகப்பன் மகளின் கையில் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, கொடுக்கிற சடங்கு. அப்படி ஒரு சடங்கு மட்டக்களப்பில் எங்கும் இல்லை. உறுதி எழுதுகிறவர் வீட்டில் போய்க் கையெழுத்து வைப்பதுதான் சடங்கு. அதைப் பார்க்க யார் வருவார்கள் என்று மதுஷன் கேட்டான். நியாயந்தான்.

பிரஷாந்திக்குக் கூறைச்சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பக்கத்தில் மாப்பிள்ளையாக நிற்பது தலைவரின் தங்கச்சி மகன். அவன் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மேசன் மகளின் கையில் திறப்பை வைக்க வேண்டும். வைக்கும்போது அழ வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தது. முதல் சனிக்கிழமை அவருக்கு அழுகை வரவில்லை. மதுஷன் குறை சொன்னான். மூன்றாம் சனிக்கிழமைக்குப் பிறகு அவருக்கு அழுகையை நிறுத்தத் தெரியவில்லை. மதுஷன் மனம் நிறைந்து பாராட்டினான்.

"ஒரு கன்னிப் புள்ளைக்குக் கிழமைக்குக் கிழமை கூறை உடுத்திறது நல்லதுக்கில்லகா" என்று கண்ணகை தலையில் அடித்துக்கொண்டாள்.

"உடுத்த சீலை கிழிஞ்சா மறுகா ஒண்டு அவங்களே தருவாங்களாம் அம்மா" என்றாள் பிரஷாந்தி. "ஊருக்குள்ள வேற ஆருக்குக் கிடைக்கும் இப்பிடி?" சொல்லிவிட்டுப் பூவைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். அடுத்த நாள் அவளுக்கு ஒன்பது பேருடைய சட்டை தைக்கக் கிடந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை குழந்தைவடிவேலும் பொடியனின் தாயும் சொல்லாமல் வந்தார்கள். சொல்லாமல் போனால்தான் வீடு வீடாகத் தெரியும் என்பது அவருடைய கணக்கு. வாசல் படலையிலேயே அவர்களுக்குப் பூமாலை போட்டு, குடிக்க இளநீர் கொடுத்து, பாயில் இருத்திவிட்டார்கள். எழும்பப் பார்த்தபோது, நிகழ்ச்சி தொடங்கிவிட்டது, தயவுசெய்து அமருங்கள் என்று மதுஷன் கையெடுத்துக் கும்பிட்டான்.

கல்யாணத் தரகர் சொன்ன வீடு ஓட்டு வீடு, சீமெந்துச் சுவர். முன்னால் நிற்பது ஓலைக்கூரை, மண்சுவர். அதைப் பார்த்து வாய் மூட முன்னம், கல்யாணக் கோலத்தில் பிரஷாந்தி வந்தாள். பக்கத்தில் வேட்டியோடு ஒருத்தன்.

"இது ஆர் பொடியன்?" என்று தாய் கேட்டாள்.

"இவர்தான் மாப்பிள்ளை" என்று மதுஷன் பணிவோடு விளக்கினான்.

தாய் இளநீரைக் கீழே வைத்தாள்.

திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு நின்ற மேசன் அப்போதுதான் அவர்களைக் கண்டார். திரும்பிப் போய்ச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்து தன் வீட்டுச் சுவரில் ஓங்கி அடித்தார். களிமண் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

"பாருங்க! வந்து தடவிப் பாருங்க! உள்ளுக்குச் சீமெந்து! ஒண்டுக்கு நாலு கலவை! மேல ஓடு, ஓலையை விலக்கிப் பாருங்க! நான் பொய் சொல்லல்ல!"

விருந்தினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்றைய நாளின் சிறந்த படங்கள் அந்த இடத்தில்தான் எடுக்கப்பட்டன. மதுஷன் ஓடிவந்து, இது நிரலில் இல்லையே ஐயா, ஆனால் நல்லாயிருக்கு என்றான்.

எல்லோரும் போன பிறகு குழந்தைவடிவேல் சுவரைத் தட்டிப் பார்த்தார். மரியாதையான மனிதர்.

"ஊடு நல்ல ஊடுதான் மேசனார். உங்கட கையில பிழை இல்ல. ஆனா சனிக்கிழமையில எங்கட பொடியன் இதுக்குள்ள எங்க நிக்கிற? அதை மட்டும் சொல்லுங்க."

மேசன் விழுந்து கிடந்த களிமண்ணைக் காலால் ஒதுக்கினார்.

"தை பிறக்கிறதுக்குள்ள ஊட்டைத் திருப்பி எடுத்துப்போட்டுச் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் பார்ப்பம்."

பொடியனின் தாயிடம் மதுஷன் கருத்துப் படிவத்தை நீட்டினான். அவளுக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் படிவத்தில் இடம் போதாது.

மேசன் சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். கல்யாணம் வரைக்கும் என்றுதான் தந்தேன், கல்யாணம் வந்துவிட்டது, வீட்டைத் தாருங்கள். ஐந்து வருடம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதை மதுஷன் வாசித்துக் காட்டினான். அப்போதும் அந்தத் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. ஐந்து என்பது மட்டும் விளங்கியது.

தலைவர் எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது.

"மேசன், உங்கள் வேதனை எனக்குத் தெரியும். நானும் இரண்டு பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தவன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மகளுக்கு வீடு கொடுக்கிற எங்கள் மரபை உலகம் வந்து பார்ப்பது இந்த ஒரு வீட்டில்தான். இந்த வீட்டை நீங்கள் மகளுக்குக் கொடுத்துவிட்டால், மகளுக்கு வீடு கொடுக்கிற மரபை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?"

கை தட்டினார்கள். இந்த முறை மேசன் தட்டவில்லை.

இருந்தாலும் சங்கம் இரக்கமில்லாதது அல்ல. மாற்று யோசனை ஒன்று முன்வைத்தது. மணமக்கள் தாராளமாக அந்த வீட்டிலேயே குடியிருக்கலாம். காலை ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை போன், தொலைக்காட்சி, மோட்டார் சைக்கிள் கூடாது. மாப்பிள்ளை சேட்டுப் போடக்கூடாது. விருந்தினர் இருக்கும்போது சண்டை பிடிக்கக்கூடாது, பிடிப்பதென்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதைப் பிரஷாந்தி யுகேந்திரனுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

"நான் என்ன செய்ய பிரஷாந்தி?" என்றான் அவன் கடைசியில்.

"ஒண்டும் செய்ய ஒண்ணா" என்றாள் அவள். "சாப்பிட்டியளா?"

கார்த்திகையில் மாரி ஊற்றியது. ஆண்டாண்டாக வருகிற மழைதான். ஆனால் கரையில் கண்ணா இல்லை. வாவி வளவுக்குள் ஏறிவந்து, மூலைக் கொட்டிலில் இருந்த மேசனையும் கண்ணகையையும் மகளையும் மேசைக்கு மேல் ஏற்றிவைத்தது. கரையில் இரண்டு முழ நிலத்தைக் கரைத்துக்கொண்டு போனது. மரபு இல்லத்தின் களிமண் எல்லாம் வழிந்து ஓடிவிட்டது. உள்ளிருந்த சீமெந்துச் சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல நின்றது. பார்வையிட வந்த குழு, பண்பாட்டுச் சேதம் என்று பதிந்து, திரும்பப் பூசச் சொன்னது. அவர் பூசினார்.

தை பிறந்தது. பத்தாம் நாள் குழந்தைவடிவேல் தானே வந்தார். படலைக்கு வெளியே நின்று சொன்னார். வந்தாறுமூலையில் ஒரு பெண் சரிவந்திருக்கிறது. வீடு தயாராம். பொடியன் சாப்பிடாமல் கிடந்துதான் ஓம் என்றானாம். அதையும் சொல்லச் சொன்னானாம். அப்போது பிரஷாந்தி உள்ளே கூறை உடுத்திக்கொண்டிருந்தாள், சனிக்கிழமை என்பதால். வெளியே வந்து, "மாமா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. குடித்தார்.

மாசியில் வினாயகமூர்த்தி வளவின் வடக்கு மூலையில், வெள்ளம் ஏறாத மேட்டில், நாலு கட்டை அறைந்து நூல் கட்டினார். அவருக்கு வயது அறுபத்தொன்று. மகளுக்குக் கட்டிய முதல் வீட்டுக்குப் பதினொரு வருடம் சென்றது.

"எத்தனை வயசில எனக்கு ஊடு தரப்போறீங்க அப்பா?" என்று பிரஷாந்தி கேட்டாள்.

"கல்லை எடுத்துத் தா புள்ள" என்றார்.

அத்திவாரம் முடிந்து மூன்று வரி கல் ஏறியபோது தலைவர் வந்து பார்த்தார். கோபிப்பார் என்று மேசன் எதிர்பார்த்தார். தலைவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகளுக்காகத் தகப்பன் வீடு கட்டுகிற மரபு! உயிரோடு! அடுத்த கிழமையே ஐந்தாவது அம்சம் பட்டியலில் ஏறியது. விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு கல் வைக்கலாம். சாந்தை எப்படி அள்ளுவது என்று மேசன் காட்டிக்கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றார். புதிய கட்டுமானங்களுக்குச் சங்கத்தின் அனுமதி தேவை என்ற ஒப்பந்தப் பந்தியை மதுஷன் வருத்தத்தோடு வாசித்தான்.

விருந்தினர்கள் நல்ல மனிதர்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள், கை முழுக்கச் சாந்து பூசிக்கொண்டார்கள், ஆளுக்கொரு கல்லை ஆசையோடு வைத்தார்கள். ஒன்று சரிந்து நிற்கும். ஒன்று நூலைத் தாண்டி வெளியே நிற்கும். ஒன்றின் கீழே சாந்தே இருக்காது. அதற்கு மேல் சுவர் ஏற்றினால் ஒரு மாரி தாங்காது. மேசனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை வந்தவர்கள் பதினாறு பேர். அவர்கள் வந்த வான் போனதும் பிரஷாந்தி கூறையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய சட்டையோடு வந்து அப்பனுக்குப் பக்கத்தில் குந்தினாள். சாந்து இறுக முன்னம் இரண்டு பேரும் பதினாறு கல்லையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். சுரண்டினார்கள். வாளித் தண்ணீரில் கழுவி அடுக்கினார்கள். பிறகு மேசன் புதுச்சாந்து குழைத்து, நூலைப் பிடித்துப் பார்த்து, தன் கையால் வைக்கத் தொடங்கினார். மூன்று கல்லுக்குத்தான் வெளிச்சம் இருந்தது.